குங்ஃபூ மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: வரலாற்றுப் பாடத்தைக் கரும்பிலிருந்து தொடங்கலாம்

தமிழில் குங்ஃபூ, வூஷு, தாய்ச்சி சொல்லித்தரும் மாஸ்டர்களுக்கும், அவர்களுடைய கூடங்களுக்குப் பாடத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கிளாஸில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதல் வாரம் கொடுக்கிறீர்களே, ஒரு பக்க வரலாற்றுத் தாள், அதைப் பற்றித்தான் இந்த மடல். பல கூடங்களில் அந்தத் தாள் ஒரே கதையைச் சொல்கிறது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போனார். ஷாவோலின் மடத்துத் துறவிகள் தியானத்தில் உட்கார்ந்தே உடல் மெலிந்து கிடப்பதைப் பார்த்தார். நம் ஊர்த் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தார். அதுவே குங்ஃபூ ஆனது. 2011இல் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பிறகு இந்தக் கதை இன்னும் உறுதியாக ஊன்றிவிட்டது. ‘குங்ஃபூவைத் தோற்றுவித்தவர் யார்?’ என்று பெல்ட் தேர்வில் வாய்மொழிக் கேள்வியாகவும் வருகிறது.

அந்தத் தாளை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். நாங்கள் சீனத் தற்காப்புக் கலைகளின் வரலாற்றை மூல நூல்களையும் கல்வெட்டுகளையும் வைத்துப் படித்து வருகிறவர்கள். போதிதர்மர் மேல் எங்களுக்குக் கோபம் ஏதும் இல்லை. அவர் பெயரை ஒட்டவைத்ததால் மறைந்துபோன வரலாறு எத்தனை செழிப்பானது என்பதுதான் ஆதங்கம்.

முதலில் ஒரு கரும்புக் கதை. மூன்று அரசுகள் காலத்தில் வெய் நாட்டின் முதல் பேரரசராக இருந்த சாவ் பீ 226இல் இறந்தார். தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரு பகுதியில், தெங் ஜான் என்ற தளபதியோடு விருந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தெங் ஜான் பல ஆயுதங்களில் தேர்ந்தவர், வெறுங்கையோடு வாளுக்குள் புகுந்துவிடுவார் என்று பெயர் பெற்றவர். மது உள்ளே போய் வாள்முறை பற்றிப் பேச்சு வளர்ந்தது. உங்கள் முறை சரியில்லை என்றார் சாவ் பீ. பார்த்துவிடலாம் என்றார் தளபதி. அப்போது கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கரும்பையே வாளாகப் பிடித்து முற்றத்தில் இறங்கினார்கள். சில சுற்றுகளில் தளபதியின் கையில் மூன்று அடி விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, அவர் மனம் ஆறாமல் இன்னொரு சுற்று கேட்டார். சாவ் பீ நேராக உள்ளே பாய்வதுபோல் போக்குக் காட்டினார். தளபதி அதை நம்பி முன்னால் வந்ததும், பின்வாங்கி நெற்றியில் வெட்டினார்.

ஜெயித்தவரே எழுதிய கணக்கு இது, அதுவும் அரச குடும்பத்தவர். வெற்றியை எவ்வளவு நம்புவது என்பது வேறு விஷயம். ஆனால் போக்குக் காட்டுதல், தூரத்தைக் கணக்கிடுதல், ஆபத்தில்லாத பொருளை வைத்துப் பழகிப் பார்த்தல், இந்த முறை சரி அந்த முறை தவறு என்ற வாதம், வெறுங்கையால் வாளை எதிர்கொள்ளும் வித்தை ஆகிய எல்லாம் இந்த ஒரு பத்தியில் இருக்கின்றன. போதிதர்மர் சீனாவில் காலடி வைப்பதற்கு 250 ஆண்டுகளுக்கும் முன்னால். அதற்கும் முன்பு, கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ தொகுத்த ஹான் வரலாற்றின் நூற்பட்டியலில், படைத்திறன் என்ற தலைப்பின் கீழ் கைப்போர் பற்றி 6 இயல்களும் வாள்முறை பற்றி 38 இயல்களும் பதிவாகியிருக்கின்றன. இரண்டு நூலும் இன்று இல்லை, பெயர்கள்தான் மிஞ்சின. சீனாவில் யாரும் போய்ச் சண்டை கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை இருக்கவில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே போதும்.

இனி போதிதர்மருக்கு வருவோம். அவரைப் பற்றிய குறிப்புகளைக் கால வரிசையில் அடுக்கினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மிகப் பழைய குறிப்பு 547இல் யாங் ஷுவான்ஜி எழுதிய, லுவோயாங் நகரின் பௌத்த மடங்களைப் பற்றிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி; 150 வயது என்று சொல்லிக்கொள்கிறார்; யோங்நிங் மடத்தின் பிரம்மாண்டமான கோபுரத்தைப் பார்த்து வியந்து, கைகூப்பிப் பல நாள் ‘நமோ’ சொல்கிறார். அவ்வளவுதான். அந்தக் கோபுரம் 516இல் கட்டப்பட்டு 534இல் எரிந்துபோனது என்பதால் அவர் வந்த காலம் ஓரளவு பிடிபடுகிறது. அதே நூற்றாண்டில் தான்லின் என்பவர் எழுதிய முன்னுரை அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. 645இல் தாவ்ஷுவான் தொகுத்த துறவிகள் வரலாறு தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. மூன்றிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு சொல் இல்லை. ஷாவோலினோடு அவர் பெயர் இணைவதே 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அந்த இணைப்பும் தியான மரபு பற்றியது. உடற்பயிற்சிக்கு அங்கே இடமே இல்லை.

காஞ்சிபுரம் எங்கிருந்து வந்தது? சான் என்ற தியான பௌத்த மரபின் வரலாறு ஒன்று, 1004இல் தொகுக்கப்பட்டது, அவரை ‘ஷியாங்ஜி’ அரசரின் மூன்றாவது மகன் என்று எழுதுகிறது. அந்தப் பெயரைக் காஞ்சி என்று வாசித்தவர்கள் உண்டு. இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காஞ்சிக்கு நேரில் வந்துபோன யுவான் சுவாங், 646இல் முடித்த தம் பயண நூலில் திராவிட நாட்டுத் தலைநகரின் பெயரை ‘ஜியான்ஜிபூலுவோ’ என்று எழுதினார். இன்றைய உச்சரிப்பில் ஜகரமாக ஒலிக்கும் அந்த முதல் எழுத்து அன்று ககரமாக ஒலித்தது. அதனால் ‘காஞ்சிபுரம்’ பளிச்சென்று தெரிகிறது. ‘ஷியாங்ஜி’யின் முதல் எழுத்தோ அன்று ஹகரத்தில் தொடங்கியது. எழுத்துகளும் வேறு, ஒலியும் வேறு, காலமும் போதிதர்மருக்கு ஐந்து நூற்றாண்டு பின்னால். காஞ்சியாக இருக்கக்கூடும் என்பது ஓர் ஊகம். ஊகம் என்ற சொல்லோடு எழுதினால் அதில் பிழையில்லை. போதிதர்மரைப் பற்றிய பழைய சீன மூலங்கள் எதிலும் பல்லவர் என்ற சொல் இல்லை.

காஞ்சியையும் ஷாவோலினையும் ஒரே வாழ்க்கையில் தொட்ட மனிதரைத் தேடுகிறீர்கள் என்றால் அவர் யுவான் சுவாங்தான். ஷாவோலின் இருக்கும் வட்டாரத்தில் பிறந்தவர். காஞ்சியைப் பார்த்துத் திரும்பியபின், 657இல், எஞ்சிய காலத்தை ஷாவோலின் மடத்தில் தியானத்திலும் மொழிபெயர்ப்பிலும் கழிக்க அனுமதி வேண்டும் என்று பேரரசரிடம் விண்ணப்பித்தார். பேரரசர் மறுத்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்ல இது போதாதா? இதற்கு ஆவணம் இருக்கிறது.

ஷாவோலினின் சொந்த வரலாற்றுக்கு மடத்திலேயே கல் நிற்கிறது. ஹெனான் மாநிலம் தெங்ஃபெங் பகுதியில், சோங் மலையில், 495இல் வட வெய் பேரரசர் ஷியாவ்வென் அந்த மடத்தைக் கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொடுத்தது பாத்துவோ என்ற இந்தியத் துறவிக்காக. ஆக, ஷாவோலினோடு இந்தியாவுக்கு உள்ள தொடர்பு பொய்யில்லை. அந்த இந்தியரின் பெயர் பாத்துவோ, அவர் போதிதர்மருக்கு முந்தியவர். அவரை நம் தாள்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

728இல் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்றில் 621ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. எழுதியவர் லீ ஷிமின், பின்னாளில் தாங் பேரரசர் தாய்சோங். வாங் ஷிச்சோங் என்ற எதிரிக்கு எதிரான போரில் ஷாவோலின் துறவிகள் அவருக்கு உதவினார்கள். வாங்கின் அண்ணன் தம்பி வழி மகனைப் பிடித்துக்கொடுத்தார்கள். அதற்கு நன்றிக் கடிதம். 13 துறவிகளின் பெயர்ப்பட்டியலும் இருக்கிறது, அவர்களில் ஒருவருக்குத் தளபதிப் பட்டம் கிடைத்தது. மடத்துக்கு 40 ச்சிங் நிலமும், அதாவது 500 ஏக்கருக்கும் மேல், ஒரு நீராலையும் கிடைத்தன. துறவிகள் ஏன் போருக்குப் போனார்கள் என்பதும் புரிகிறது. அதற்கு முந்தைய சுயி வம்சப் பேரரசர் மடத்துக்கு 100 ச்சிங் பண்ணை நிலம் தந்திருந்தார். சண்டை நடந்தது அந்தப் பண்ணையில்தான். எதிரி அதை ஆக்கிரமித்திருந்தான். கோயில் நிலத்துக்காகக் கோயிலார் போரில் இறங்குவது நமக்கும் புரியாத விஷயமில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்தக் கல்லில் குத்து, உதை, எந்த ஆயுதம் என்று எதுவும் இல்லை. 621இல் ஷாவோலின் துறவிகள் போரிட்டார்கள் என்பது உறுதி. குங்ஃபூவால் போரிட்டார்கள் என்று எழுதினால் கல்லில் இல்லாததை நாமே வெட்டிச் சேர்க்கிறோம்.

ஷாவோலினின் புகழ் உண்மையில் மிங் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுகிறது. அப்போது அது கம்பின் புகழ். 1553இல் கடற்கொள்ளையருக்கு எதிராக யாங்சி ஆற்று முகத்துவாரப் பகுதியில் துறவிப்படை இரும்புத் தடிகளோடு போரிட்டது. ஷாவோலினில் பத்தாண்டுக்கு மேல் கம்பு கற்ற செங் சோங்யோ என்பவர் தம் கம்பு நூலை 1610 வாக்கில் எழுதினார். அச்சில் வந்தது 1621இல். அளவைக்கூடத் தருகிறார். மரக்கம்பு என்றால் 8 முதல் 8.5 ச்சி (சீன அடி) நீளம், எடை 2.5 முதல் 3 ஜின் (சீன எடை அளவு). இரும்பு என்றால் 7.5 ச்சி, 15 முதல் 16 ஜின். இன்றைய கணக்கில் மரக்கம்பு இரண்டரை மீட்டருக்குக் குறையாது, ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். இரும்புத்தடி ஒன்பது கிலோ அளவில். கிளாஸில் நாம் கொடுப்பது புருவ உயரக் கம்பு. அதை வைத்துக்கொண்டு செங் நூலின் படங்களைப் பார்த்துப் பழகினால், முனை எதிரியை எட்டாது. பின்கை வைக்க இடம் போதாது. குத்தாக இருக்க வேண்டியது சுழற்றலாக மாறிவிடும். அந்த நீளத்தைப் பார்த்தாலே ஈட்டியின் உறவு தெரியும். ஒருமுறையாவது இரண்டரை மீட்டர் மூங்கிலை மாணவர் கையில் கொடுத்து, ஒரே ஒரு குத்தைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தோளும் இடுப்பும் வேறு விதமாக வேலை செய்வது தானாக விளங்கும். வரலாறு அப்படியும் படிக்கக்கூடியதுதான்.

அதே நூலில் செங் இன்னொன்று சொல்கிறார்: வெறுங்கை முறை இன்னும் நாட்டில் பரவவில்லை, கம்பின் உயரத்துக்கு அதையும் கொண்டுவரவே துறவிகள் சிலர் இப்போது அதில் ஈடுபடுகிறார்கள். அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் கைமுறை வளர்ந்துகொண்டிருக்கும் புது விஷயம்.

தளபதி ச்சி ஜிகுவாங் 1560 வாக்கில் எழுதிய படைப்பயிற்சி நூலும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அதில் 32 கைமுறை நிலைகள் படத்தோடு உண்டு. பெரும் போரில் இதனால் பயனில்லை, கை கால்களைப் பழக்கவும் ஆயுதப் பயிற்சிக்குள் நுழையவும் உதவும் என்று அவரே சொல்லிவிடுகிறார். இன்னொரு தளபதி யூ தாயோ ஷாவோலினுக்கே போய்ப் பார்த்து, கம்பின் பழைய நுட்பம் அங்கே தொலைந்துவிட்டது என்று முடிவு செய்தார். இரண்டு இளம் துறவிகளைத் தம்மோடு தெற்கே அழைத்துச் சென்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழக்கித் திருப்பி அனுப்பினார். யூ தாயோ ஃபுஜியான் மாநிலத்து ச்சுவான்சோவ் பகுதிக்காரர். எல்லாக் கலையும் ஷாவோலினிலிருந்து வெளியே போனது என்ற வாய்பாட்டுக்கு நேர்மாறாக, வெளியிலிருந்து உள்ளே போன கலை இது.

மிங் காலத் துறவிகள் கம்பின் குருவாக யாரைக் கும்பிட்டார்கள் தெரியுமா? ஜின்னாலுவோ. கின்னரர். நம் சங்கப் பாடல்களிலும் கோயில் சிற்பங்களிலும் இசை வாசிக்கும் அதே கின்னரர், அங்கே மடத்துச் சமையற்கட்டில் வேலைக்காரராக வருகிறார். யுவான் ஆட்சியின் இறுதியில் செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைத் தாக்க வந்தபோது, அடுப்பு கிளறும் கோலை எடுத்துக்கொண்டு மலையளவு உயர்ந்து நின்று விரட்டினார் என்பது கதை. உண்மையில் அந்தக் கலகத்தில் மடம் சூறையாடப்பட்டது. தோல்வியைக் கதை வெற்றியாக்கிக்கொண்டது. அதற்கும் முன்னால், தாங் காலத்தில், வலிமை தரும் தெய்வமாக வஜ்ரபாணி இருந்தார். முதலில் வஜ்ரபாணி, பிறகு கின்னரர், கடைசியாகவே போதிதர்மர். காப்பாளர் காலந்தோறும் மாறுவதும் வரலாறுதான், பண்பாட்டு ஆய்வுக்கு அது பெரிய செல்வம். கதைகளைத் தூக்கி எறியுங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. எந்தக் கதை எந்த நூற்றாண்டில் பிறந்தது என்பதை அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

போதிதர்மர் உள்ளே வந்த கதவு எது என்பதும் துல்லியமாகத் தெரியும். ‘யிஜின் ஜிங்’, தசைநார் மாற்றும் நூல். அது 1624இல் எழுந்தது. ஆனால் அதற்கு இரண்டு பழைய முன்னுரைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று 628இல் தாங் தளபதி லீ ஜிங் எழுதியதாம். இன்னொன்று 1142இல் சோங் காலத் தளபதி யூவே ஃபெய்யின் படைத்தலைவர் நியூ காவ் எழுதியதாம். முதல் முன்னுரையின் தொடக்க வரியை மட்டும் சோதிப்போம். வட வெய் பேரரசர் ஷியாவ்மிங்கின் ‘தாய்ஹே’ ஆண்டுகளில், போதிதர்மர் லியாங் நாட்டிலிருந்து வெய் நாட்டுக்கு வந்தார் என்கிறது அது. ‘தாய்ஹே’ ஷியாவ்மிங்கின் ஆண்டுப்பெயரே அல்ல. அது அவருக்கு முந்திய ஷியாவ்வென்னுடையது, 477 முதல் 499 வரை. லியாங் வம்சமோ 502இல்தான் தொடங்குகிறது. 499க்குள் வந்தவர், 502இல் பிறக்கப்போகும் நாட்டிலிருந்து எப்படி வந்திருப்பார்? முந்திய வம்சத்தின் காலக்கணக்கை ஒரே வரியில் இத்தனை பிழையாக 7ஆம் நூற்றாண்டுத் தளபதி எழுதியிருக்க முடியாது. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அரைகுறை நினைவில் எழுதியிருக்க முடியும். 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற அறிஞர் இந்த நூலைப் போலி என்று சொல்லிவிட்டார். 1930களில் ஆய்வாளர்கள் தாங் ஹாவும் ஷூ ஜென்னும் வரிவரியாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

போலி முன்னுரை என்பதால் உள்ளே இருக்கும் பயிற்சி வீண் என்று ஆகாது. உடலைத் தேய்த்தும், கல் நிரப்பிய பைகளால் தட்டியும் வலுவேற்றும் முறை அதில் இருக்கிறது. ஆனால் இன்று ‘யிஜின் ஜிங் 12 நிலைகள்’ என்று நீங்கள் சொல்லித்தருவது 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரோடு சேர்ந்துகொண்ட தொகுதி. 1858இல் பான் வெய் வெளியிட்ட உடல்நல நூலில் அதைப் பார்க்கலாம். நல்ல பயிற்சி. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழமையும் உண்டு. 1500 ஆண்டுப் பழமை அதற்குத் தேவையில்லை. யிஜின் ஜிங் பேசுவது உடல் வலுவை. கைமுறையைத் தோற்றுவித்தவராகவே போதிதர்மரை நிறுத்தியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அப்போது தொடராக வந்த ஒரு நாவலும் 1915இல் வந்த ஒரு ஷாவோலின் கையேடும் அதைப் பரப்பின. நம் தாளில் இருக்கும் கதையின் வயது இதுதான், ஏறத்தாழ 120 ஆண்டு.

மற்ற இரண்டு கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாய்ச்சியை ஜாங் சான்ஃபெங் பாம்பும் பறவையும் சண்டை போட்டதைப் பார்த்து உருவாக்கினார் என்பது பிற்காலக் கதை. ‘உள்முறை’ என்ற பிரிவோடு அவர் பெயர் முதலில் இணைவது 1669இல் ஹுவாங் சோங்ஷி எழுதிய ஒரு கல்லறை வாசகத்தில். அங்கே தாய்ச்சி என்ற பேச்சே இல்லை. ஆவணத்தோடு பிடிக்கக்கூடிய தாய்ச்சி ஹெனானின் சென் குடும்பக் கிராமத்தில் தொடங்குகிறது. ச்சி ஜிகுவாங்கின் 32 நிலைகளில் 29 சென் குடும்ப முறையில் இருப்பதாக ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். தெற்கு ஷாவோலின் எரிக்கப்பட்டு ஐந்து பேர் தப்பிய கதையோ வானுலகு-பூவுலகுச் சங்கம் என்ற இரகசிய அமைப்பின் தீட்சைக் கதை. அதன் எழுத்து வடிவம் 1811 வாக்கில்தான் கிடைக்கிறது. இன்று பூத்தியான், ச்சுவான்சோவ், ஃபூச்சிங் என மூன்று ஊர்கள் அந்த மடம் எங்களுடையது என்கின்றன.

ச்சுவான்சோவ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சீன எழுத்தும் கூடவே இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியப் பேரரசரான கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போனது சீன வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தமிழருக்கும் சீனருக்கும் இருந்த உறவை மாணவர்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டால், கையில் தொட்டுக் காட்டக்கூடிய கல் இதோ இருக்கிறது.

‘பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று சிலர் கேட்பீர்கள். இதனால் என்ன கெடுகிறது என்பதைச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை ஒருநாள் வெளிநாட்டுப் பயிற்சியாளர் முன்னாலோ ஒரு நல்ல நூல் முன்னாலோ நிற்கும். அப்போது முதல் தாளே பிழை என்று தெரிந்தால், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுத்த நிற்றல், மூச்சு, தூரம் எல்லாவற்றின் மேலும் அதற்குச் சந்தேகம் வரும். இரண்டாவது, சிலம்பத்துக்கு நடக்கும் அநியாயம். சிலம்பத்தின் பெருமையே அது குங்ஃபூவின் தாய் என்பதுதான் என்று சொல்லிச் சொல்லி, சிலம்பத்தின் சொந்தக் காலடிகளை, வீச்சு முறைகளை, ஆசான் பரம்பரைகளை ஊர் ஊராகப் பதிவு செய்யும் வேலை பின்னுக்குப் போகிறது. இன்னொரு நாட்டுக் கலைக்குத் தாயாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்று யார் சொன்னது?

இனி நடைமுறை. பெயர்களைப் பதிவு செய்யும்போது எப்போதும் சீன எழுத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்து வடசீன உச்சரிப்பில் ‘ச்சுவான்’, கான்டனீஸில் ‘க்யூன்’, ஹொக்கியனில் ‘கூன்’. மூன்றும் கைமுறை என்ற ஒரே சொல்தான். உங்கள் குருவின் குரு மலேசியாவிலோ ஹாங்காங்கிலோ கற்றிருந்தால் பெயர்கள் இப்படி மாறியே வந்திருக்கும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. விங் சுன் கலையின் பெயர் வடசீன உச்சரிப்பில் ‘யோங்சுன்’. வெள்ளைக் கொக்கு முறைக்குப் பேர்போன ஃபுஜியான் வட்டாரத்தின் பெயரும் ‘யோங்சுன்’. முதல் எழுத்து வேறு: ஒன்றில் பாடுதல், மற்றதில் நிலைத்த தன்மை. ஒலியை மட்டும் வைத்து இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட பரம்பரைப் பட்டியல்கள் ஏராளம். ஒரு எழுத்தைக் கேட்டு வைத்திருந்தால் அந்தத் தவறு நேராது.

பரம்பரைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஊர், கற்ற ஆண்டுகள், யார் சொன்னது என்ற மூன்றையும் எழுதுங்கள். ஆண்டு தெரியாத இடத்தில் கோடு போட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பொதுவாக நாலைந்து தலைமுறைக்கு மேலே போனதும் மனிதர் பெயர்கள் நின்று, துறவி, இளவரசி, தளபதி என்று வரத் தொடங்கும். அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே ‘மரபுக் கதை’ என்று எழுதுங்கள். வயதான மாஸ்டர் யாராவது பழைய ஃபார்ம் (வரிசையாகக் கோத்த அசைவுத் தொகுதி) செய்து காட்டினால் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு கோணத்திலும் வீடியோ எடுங்கள். முழங்காலும் பாதமும் வெட்டுப்படாமல் தூரத்தில் நின்று எடுங்கள். ஆயுதம் என்றால் நீளம், எடை, பிடிக்கும் இடம் மூன்றையும் அளந்து கூடவே எழுதிவையுங்கள். அந்த ஃபார்முக்கு அவர் சொல்லும் பாட்டு வரிகள் இருந்தால் அப்படியே, திருத்தாமல், எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் முதல் சான்று.

முதல் வாரத் தாளுக்கு ஒரு மாதிரியை இங்கே தருகிறோம். வேண்டியபடி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், எங்கள் பெயர் தேவையில்லை.

“சீனாவில் கைப்போரும் வாள்முறையும் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நூல்களில் பதிவாகியுள்ளன. ஷாவோலின் மடம் 495இல் இந்தியத் துறவி பாத்துவோவுக்காகக் கட்டப்பட்டது. 621இல் அந்த மடத்துத் துறவிகள் போரில் உதவியதை 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஷாவோலின் கம்பு முறைக்குப் புகழ்பெற்றது. கைமுறை 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே வளர்ந்தது. போதிதர்மர் சான் பௌத்தத்தின் முதல் ஆசானாகப் போற்றப்படுபவர். பழைய நூல்களில் இரண்டு அவரைத் தென்னிந்தியர் என்றும் ஒன்று பாரசீகர் என்றும் சொல்கின்றன. அவர் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்பது 1624இல் எழுந்த மரபுக் கதை. 1910இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வூ சங்கமும் 1928இல் நான்ஜிங்கில் தொடங்கிய மத்திய குவோஷு நிலையமும் இந்தக் கலைகளை எல்லாரும் கற்கும் பொதுப் பயிற்சியாக்கின. நாம் இடுப்பில் கட்டும் வண்ண பெல்ட் ஜப்பானின் ஜூடோவிலிருந்து வந்தது.”

வாய்மொழித் தேர்வுக்கும் கேள்விகள் சொல்கிறோம். ‘ஷாவோலின் மடம் யாருக்காகக் கட்டப்பட்டது?’ ‘செங் சோங்யோ சொன்ன மரக்கம்பின் நீளம் என்ன, உன் கம்பின் நீளம் என்ன?’ ‘கைமுறையால் பெரும் போரில் பயனில்லை என்று எழுதிய தளபதி யார், பிறகு ஏன் அதைத் தன் நூலில் சேர்த்தார்?’ மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை, தான் எதற்காக தினமும் குதிரை நிலையில் நிற்கிறோம் என்பதையும் தன் வாயாலேயே சொல்லிவிடும்.

அடுத்த பெல்ட் தேர்வுக்குத் தாள் அச்சுக்குப் போகும் முன் பழைய கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே அச்சாகிவிட்ட தாள்கள் இருந்தால் வீணாக்க வேண்டாம். ‘தோற்றுவித்தவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘மரபுக் கதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்று கையால் எழுதிக் கொடுத்தாலும் சரிதான்.

மரியாதையுடன்,
சீனத் தற்காப்புக் கலை வரலாற்றைப் படித்துவரும் சிலர்